நிறைந்த வீடு

களஞ்சியத்தார் வீடு நிறைவடைந்துவிட்டது என்று அரசாங்கம் வாழ்த்துச் சொன்ன அன்று, அந்த வீட்டு அரிசிப் பானைக்குள் கையை விட்டால் விரலில் பானையின் அடிதான் பட்டது.

வாழ்த்தைச் சொன்னது நிலைப்படிக்கு மேலே ஒட்டியிருந்த காது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'செவி'. ஆவரேந்தல் சனங்கள் அதைக் காது என்றுதான் சொன்னார்கள். ஒரு அகல் விளக்கின் அளவு இருக்கும். வீட்டில் நடக்கும் பேச்சை எல்லாம் அது கேட்டுக்கொண்டிருக்கும். மாதத்துக்கு ஒருமுறைதான் அதுவாக வாய் திறக்கும்.

"அன்பார்ந்த வழிவிட்டான் அவர்களே, உங்கள் இல்லம் நிறைவு நிலையை எட்டியுள்ளது. இம்மாதம் முதல் உங்களுக்கான அரிசியும் வேலை நாட்களும் தேவையுள்ள வேறோர் இல்லத்துக்குச் செல்லும். வாழ்த்துகள்."

வழிவிட்டானுக்கு எழுபத்திரண்டு வயது. முதுகு இன்னும் வளையவில்லை. எழுந்து நின்று காதை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியிலிருந்து மருமகள் யோகலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா சொல்லுது?"

"நம்ம நிறைஞ்சிட்டோமாம்."

"நல்லதுதான. எதுல நிறைஞ்சோம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரிசி நிறைஞ்சிருக்கு மாமா. இன்னைக்கு உங்களுக்குப் பத்தும். நாளைக்குத்தான் பாக்கணும்" என்றாள்.

இரண்டு மாதமாகவே அரிசி மூட்டை பாதியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஏன் பாதி என்று அவர் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்பது அந்த வீட்டு வழக்கமில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் களஞ்சியத்தின் கதவைக் கழற்றி வீசிவிட்டு, யாரும் யாரையும் கேட்காமல் அள்ளிக்கொண்டு போகட்டும் என்று சொன்னவர். களஞ்சியத்தார் என்ற பெயர் அன்றைக்கு வந்தது. களஞ்சியம் இடிந்து அந்த இடத்தில் கருவேலம் முளைத்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

அவருடைய அப்பா முதியோர் பணத்துக்குப் போனபோது, தமக்கு ஆதரவு யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெற்ற மகன் பக்கத்தில் நிற்கிறான். அப்பா அந்தத் தாளை நாலாகக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். சாகும்வரை அந்த அலுவலகத்துப் பக்கம் போகவில்லை.

அதனால்தான் நிறைவு இல்லத் திட்டம் வந்தபோது வழிவிட்டானுக்கு அது பிடித்திருந்தது. மனு இல்லை, வரிசை இல்லை, 'நீ ஏழைதானா' என்று மேலும் கீழும் பார்க்கும் கண்கள் இல்லை. ஊருக்கு வந்த வண்டியில் எழுதியிருந்தார்கள்: 'நீங்கள் கேட்க வேண்டாம். நாங்கள் கேட்கிறோம்.' கேட்காமல் வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றியது. மகன் கதிரேசன் வெளியூரில் விபத்தில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குண்டு மிளகாய் இரண்டு பருவம் கருகியிருந்தது. காதை மாட்ட வந்தவர்களுக்கு அவரே மோர் கொடுத்தார்.

இப்போது சட்டையை எடுத்து மாட்டினார்.

"சாப்பிட்டுப் போங்க மாமா."

தட்டில் சோறு வந்தது. மேலே புளிக்குழம்பு.

"நீ சாப்பிட்டியா ஆத்தா?"

"ஆச்சு மாமா."

அவர் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினார்.

ஒன்றிய அலுவலகத்தில் மதிய இடைவேளை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைசி அறையில் 'செவி மையம்' என்று பலகை. உள்ளே ஒரு பெண் மட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெசிந்தா, செவிப் பணியாளர், ஒப்பந்தம் என்று இருந்தது.

"சாப்பிடுற நேரத்துல வந்துட்டேனோ? சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்கய்யா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "ஆவரேந்தல் களஞ்சியத்தார் வீடு. நிறைஞ்சிருச்சுன்னு சேதி வந்துச்சு. அதை எந்த மடையன் சொன்னதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் விரலால் திரையைத் தள்ளினாள். "யாரும் சொல்லலைங்கய்யா. உங்க வீடுதான் சொல்லியிருக்கு."

அறைக்குள் யோகலெட்சுமியின் குரல் கேட்டது. *அரிசி நிறைஞ்சிருக்கு மாமா.* இன்னொரு நாள். *மாமா, அரிசி நிறைஞ்சிருக்கு.* இன்னொரு நாள். *பருப்பும் நிறைஞ்சிருச்சு.*

"நிப்பாட்டு."

அவள் நிறுத்தினாள்.

"எங்க வீட்டுப் பொம்பளப்பிள்ள குரலை இப்படிக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுப் போடுறியே. யாரைக் கேட்டு?"

"காது மாட்டுறப்ப கையெழுத்துப் போட்டிருக்கீங்கய்யா."

"சோத்துக்குப் போட்டேன். குரலுக்குப் போடலை."

ஜெசிந்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அதற்காகவே அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தா பாரு தாயி. எங்க பக்கம் அரிசி இல்ல, உப்பு இல்லன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாக. இல்லங்கிற வார்த்தை வீட்டுக்குள்ள ஏறிருச்சுன்னா அப்புறம் இறங்காதும்பாக. அதுனால தீந்து போச்சுன்னா நிறைஞ்சிருக்கும்போம். அது பானைக்குச் சொல்ற பேச்சில்ல. மனுசருக்குச் சொல்ற பேச்சு. ஒரு பொம்பள வந்து நிறைஞ்சிருக்குன்னு சொன்னா, ஆம்பள பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். அதான் அர்த்தம்."

"எனக்குத் தெரியும்யா. எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும்." அவள் திரையைச் சுட்டினாள். "இதுக்குத் தெரியாது. நிறைஞ்சிருக்குன்னா நிறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கிட்டு முதல்ல பாதியாக்குச்சு. அப்புறமும் அதையே சொல்லவும் முழுசா நிறுத்திருச்சு."

"அப்ப நீ சொல்லிக்குடு அதுக்கு."

"நான் சொன்னா அது எங்கங்கய்யா கேக்கும்? நான் ஒப்பந்தத்துல இருக்கேன்."

"கேக்குறதுக்குன்னே செஞ்சு வச்சிருக்கீக. யாரு சொன்னாலும் கேக்காதுன்னா அப்புறம் எதுக்கு அதுக்குக் காதுன்னு பேரு?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அதை நேரே பாத்துச் சொல்றதையும் அது எடுத்துக்காதுங்கய்யா. ஆரம்பத்துல சில ஊர்ல அதுக்கு முன்னால உக்காந்து ஒப்பாரியே வச்சாங்க. ஒரு ஊர்ல முறை போட்டு அழுதாங்க. அதனால அதுக்குன்னு பேசுறதைக் கழிச்சிருது. வீட்டாளுங்க தங்களுக்குள்ள பேசுறது மட்டும்தான் சேரும். நீங்களும் மருமகளும் சாதாரணமாப் பேசுற மாதிரி, ஒரு மாசம், அரிசி இல்ல, பருப்பு இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கன்னா…"

"எங்க வீட்டு வாயை மாத்தணும்ங்கிற."

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"எங்கப்பனை ஆதரவத்தவன்னு எழுதச் சொன்னாக. அன்னைக்காவது தாள்ல கேட்டாக. கிழிக்க முடிஞ்சுச்சு. இது அடுப்படிக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, இல்லன்னு சொல்லு, நடிக்காமச் சொல்லு, தினமும் சொல்லுங்குது. ஒரு மூட்டை அரிசிக்கு எங்க வீட்டுல என்ன பேசணும்னு இவுக எழுதிக் குடுப்பாகளா?"

அவருடைய குரல் உயரவில்லை. கோபம் ஏற ஏற அவருக்குக் குரல் இறங்கும். ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டு, மறுபடி எடுத்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா. மருமக வேற எங்கயாச்சும் சாப்பிடுறாங்களா? சொந்தக்காரங்க வீட்டுல?"

"என் மருமக ஏன் அடுத்த வீட்டுல போய்ச் சாப்பிடணும்?"

"இல்ல… பேச்சு மட்டும் இல்லங்கய்யா, சத்தத்தையும் அது குறிச்சு வைக்கும். நாப்பத்தி மூணு நாளா உங்க வீட்டுல ஒரு தட்டுச் சத்தம்தான் கேட்டிருக்கு. முன்னால ரெண்டு கேக்கும். இப்ப ஒண்ணுதான். ஏன்னு அதுக்குப் புரியல. ஒருவர் வெளியில் உணவு பெறுகிறார்னு போட்டு, அதையும் நிறைவுல சேத்துருச்சு."

"அவ முன்னாடியே சாப்பிட்டிருவா. நான் தினமும் கேப்பேன். சாப்பிட்டியா ஆத்தான்னு…"

"ஆமாங்கய்யா. நீங்க கேட்டது இருக்கு. அவங்க ஆச்சுன்னு சொன்னதும் இருக்கு. நாப்பத்தி மூணு நாளும் இருக்கு. போடட்டுமா?"

"வேணாம்."

மேசைமேல் இருந்த தன் கையைப் பார்த்தார். காலையில் அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிட்டது. இன்னைக்கு உங்களுக்குப் பத்தும் என்று அவள் சொன்னாள். உங்களுக்கு என்றுதான் சொன்னாள். காதுக்கு ஆவரேந்தல் பேச்சு தெரியாது, சரி. அவருக்குத் தெரியுமே.

ஜெசிந்தா இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதை யாரும் கேட்டு வாங்கியதில்லை போல, ஓரம் மஞ்சளாகியிருந்தது. "சொல் திருத்த மனுன்னு ஒண்ணு இருக்குங்கய்யா. ஒரு ஊர்ல ஒரு வார்த்தைக்கு வேற அர்த்தம்னா, பத்து வீடாவது எழுதிக் குடுக்கணும். குடும்பத் தலைவர் கைப்பட எழுதணும். அந்த வார்த்தை, அதோட அர்த்தம், இன்னைக்கு வீட்டோட நிலை. இதை மட்டும் மனுசங்க படிப்பாங்க."

"நிலைன்னா?"

"இல்லைன்னு எழுதணுங்கய்யா. அதுல வேற வழி இல்ல."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெயில் சாயும் நேரம் வீடு திரும்பினார். யோகலெட்சுமி தட்டை வைத்து, கஞ்சியை ஊற்றி, ஓரத்தில் துவையலை வைத்தாள். கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம்.

"இன்னொரு தட்டு எடு ஆத்தா."

"யாருக்கு மாமா?"

"உனக்கு."

"எனக்கு ஆச்சு."

அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதின் மேல் போட்டு, இரண்டு முனையையும் நிலையின் ஆணியில் செருகினார்.

"அதை மூடக் கூடாதுன்னு சொல்லியிருக்காக மாமா. மூடினா பேரை எடுத்துருவாக."

"எடுத்தாச்சுல்ல, இன்னும் என்ன. நான் உன்கூடப் பேசணும். கவர்மெண்டுக்கு அதுல என்ன வேலை."

திரும்பி நின்றார். எழுபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூரைக்குக் கீழே யாரும் சொல்லிக் கேட்டிராத வார்த்தையை, தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். "நம்ம வீட்டுல அரிசி இல்ல."

யோகலெட்சுமி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அவர் கால் தவறி விழுந்ததைப் பார்த்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"நாப்பத்தி மூணு நாள்" என்றார் அவர். "தெரியாமப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒரு பார்வை பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அவள் அழவில்லை.

"நீங்க ரெண்டாந்தரம் போடச் சொல்லிக் கேட்டுறக் கூடாதேன்னு தினமும் பயந்துக்கிட்டேதான் பக்கத்துல நிப்பேன் மாமா. கேட்டா இல்லன்னு சொல்லணும். இந்த வீட்டுல அதைச் சொல்லக் கூடாதுல்ல. அப்ப நான் சாப்பிடாம இருந்தாத்தான் சொல்லாம இருக்க முடியும்."

அவர் அடுப்படிக்குப் போய், மேலே அடுக்கியிருந்ததில் ஒரு தட்டைத் தாமே உருவிக்கொண்டு வந்து வைத்தார். தன் தட்டிலிருந்து பாதிக் கஞ்சியை அதில் ஊற்றினார்.

"உக்காரு. நீ வாயில வைக்காம நான் வைக்கப் போறதில்ல."

மறுநாள் காலை அவர் மனுவோடு கிளம்பினார். நிறைவடைந்ததாக வாழ்த்து வாங்கிய வீடு ஊரில் பத்தொன்பது இருந்தது. முதல் வீட்டில் சொம்பில் தண்ணீர் கொடுத்து, "நமக்கு என்ன குறைச்சல்" என்றார்கள். இரண்டாவது வீட்டில், "அரிசியா, அது கெடக்கு" என்றார்கள். ஒன்பது வீடு ஏறி இறங்கினார். ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் மேல் கோபப்பட அவரால் முடியவில்லை. அவர் தாளிலும் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

டீக்கடையில் உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தான். யார் வந்தாலும் ஒரு வார்த்தை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டான்.

"என்னண்ணே, தாளும் கையுமாத் திரியிறீக. களஞ்சியமே காலியாயிருச்சா?"

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வழிவிட்டான் பெஞ்சில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். எல்லாரும் பார்க்க, முதல் வரியில், எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுதினார்: *நிறைஞ்சிருக்கு என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று பொருள். களஞ்சியத்தார் வீட்டில் அரிசி இல்லை.* கீழே முழுப் பெயரைப் போட்டார். பிறகு அதை உரக்கப் படித்தார்.

கடையில் டீ ஆற்றும் சத்தமும் நின்றுவிட்டது.

"காலிதான் பாண்டி" என்றார். "உன் வீட்டுல எப்படி?"

உக்கிரபாண்டி தன் டம்ளருக்குள் பார்த்தான். "நம்ம வீட்டுலயும் நிறைஞ்சுதாண்ணே இருக்கு" என்றான்.

அவர் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார்.

பொழுது இறங்குவதற்குள் பதினேழு வீடு எழுதியிருந்தது.

மனுவை மனிதர்கள் படித்தார்கள் என்பது உண்மைதான். படித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்கள். முதல் கையெழுத்துப் போட்ட வீட்டை மட்டும் காது ஏழு நாள் புதிதாகக் கேட்கும். அந்த ஏழு நாளில் நிறைவு என்று எதுவும் பதிவாகாமல் இருந்தால் பதினேழு வீட்டுக்கும் சொல்லைத் திருத்திக்கொள்ளும். இடையில் நிறைவு பதிவானால் மறுபடி முதல் நாளிலிருந்து.

வழிவிட்டான் துண்டை எடுத்துவிட்டார். அந்த ஏழு நாளும் அந்த வீட்டில் யாரும் நடிக்கவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. உக்கிரபாண்டியின் வீட்டிலிருந்து ஒருநாள் சோளம் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து ஒரு உழக்கு நொய் வந்தது. அவர்களிடமும் இல்லாததிலிருந்து வந்தது அது. தினமும் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டிலும் பாதிதான் இருந்தது.

ஏழாம் நாள் மதியம் ஜெசிந்தா வந்தாள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்திருந்தாள். காதைக் கழற்றித் துடைத்து, தன் கருவியோடு இணைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினாள்.

"ஆறு நாளும் சரியா இருக்குங்கய்யா. இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் இப்படியே இருந்தாப் போதும். நாளைக்குப் பதினேழு வீட்டுக்கும் மூட்டை கிளம்பிரும். மருமகளுக்கு வேலையும் திரும்பிரும்."

"உன் வீட்டுக்கும் இந்தக் காது உண்டா தாயி?"

"இல்லங்கய்யா. ஒப்பந்தமா இருந்தாலும் அரசாங்க வேலையில இருக்கிறவங்களுக்குக் கிடையாது. தேவை இல்லாத வீடுன்னு ஆரம்பத்துலயே எழுதிட்டாங்க."

யோகலெட்சுமி அடுப்பிலிருந்து பானையை இறக்கினாள். நொய்க்கஞ்சி. அந்த வாசனையில் ஜெசிந்தா சட்டென்று எழுந்து தன் பையைத் தோளில் மாட்டினாள்.

"வர்றேங்கய்யா. மூணு மணி பஸ்ஸைப் புடிக்கணும்."

"சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்கய்யா."

அந்த ஒரு சொல்லை இந்த முறை வழிவிட்டான் கேட்டார். அவளுடைய உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தார். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு மதிய வேளையில் அவள் மட்டும் இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"வீட்டுல அம்மால்லாம் எப்படி இருக்காக?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள். "நிறைஞ்சிருக்குங்கய்யா."

யோகலெட்சுமி தட்டு அடுக்கின் பக்கம் திரும்பினாள். ஜெசிந்தா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது. குரலை வெகுவாகத் தாழ்த்தி, கையால் காதைச் சுட்டிக் காட்டினாள்.

"வேணாங்கய்யா. விருந்தாளிக்குச் சோறு போட்டா அது நிறைவுல சேரும். மூணாவது தட்டுச் சத்தம் கேட்டாலே குறிச்சிரும். திரும்ப முதல்லருந்து ஏழு நாள். பதினேழு வீடுங்கய்யா."

இந்த வீட்டுக் கௌரவத்துக்கு இதுவரை யார் வயிறு விலை கொடுத்தது என்று வழிவிட்டானுக்குத் தெரியும். அதனால் இன்று முடிவு சொல்ல வேண்டியவர் தாம் அல்ல என்று மருமகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

யோகலெட்சுமி ஏற்கெனவே அடுப்படிக்குள் போயிருந்தாள். வெளியே வந்தபோது அவள் கையில் மூன்று தட்டு இருந்தது. முதல் தட்டை மாமனாருக்கு வைத்தாள். இரண்டாவதைத் தனக்கு வைத்தாள். மூன்றாவதைக் குனிந்து வைக்கவில்லை. நின்ற நிலையிலேயே கையை விட்டாள். எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, சுழன்று, வீடெல்லாம் கேட்கும்படி அதிர்ந்து அடங்கியது.

காதில் ஒரு சின்ன வெளிச்சம் மினுக்கியது.

"நல்லாக் கேக்கட்டும் மாமா" என்றாள். "ஏழு நாள்தான. உக்காரு ஜெசிந்தா."